கூட்டிக்கொண்ட ஒரு மணி நேரம்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கே வீகோ மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு கதவருகே தயாராக நின்றான். கால்சட்டை மட்டும் போட்டிருக்கவில்லை.

"தீவுக்குப் போலாம்!"

"பேண்ட் போட்டவங்களைத்தான் தீவுல விடுவாங்க," என்றான் யெப்பே, ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று வயது வீகோ கொஞ்சம் யோசித்தான். "யாரு விடமாட்டாங்க?"

"போலீஸ்," என்றாள் தோரா. அவளுக்கு ஆறு முடிந்துவிட்டது. தம்பியின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது தன் பொறுப்பு என்று நினைப்பவள்.

யெப்பே கறுப்பு ரை ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவினான். தோராவுக்கு வெள்ளரித் துண்டு தனிப் பொட்டலத்தில் வேண்டும். ரொட்டியின் மேல் பட்டால் தொடமாட்டாள். வீகோவுக்கு ரொட்டியின் ஓரம் ஆகாது. வெயில் களிம்பு, மாற்று உடை, துண்டு, தண்ணீர்ப் புட்டி. பிள்ளைகள் தன்னோடு இருந்த இந்த ஆறு நாளில் அவன் ஒன்றையும் மறக்கவில்லை. தினமும் படுக்கப் போகும்முன் விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தான். சரியாக இருந்தாலும் இன்னொரு முறை எண்ணினான்.

காரணம் இருந்தது. ஜனவரியில் மாரெனும் அவனும் பிரிந்ததிலிருந்து பிள்ளைகள் ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம். ஏப்ரலில் ஒருநாள் வீகோவைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர வேண்டியதை யெப்பே மறந்துபோனான். காப்பகம் பூட்டிய பிறகும் முக்கால் மணி நேரம் ஓர் ஆசிரியை கோட்டை மாட்டிக்கொண்டு பிள்ளையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரமே மாரென் மனு எழுதிப் போட்டாள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி குடும்ப விவகார அலுவலகத்தில் விசாரணை. இனியும் வாரம் மாற்றி வாரம்தானா, இல்லை இரண்டு வாரத்துக்கு ஒரு சனி ஞாயிறு மட்டும்தானா என்பது அன்று முடிவாகிவிடும்.

விடுமுறைக்கு இந்தக் கோடை வீட்டைக் கொடுத்தது அவனுடைய அக்கா சித்சே. அவளும் இங்கேதான் தங்கி, தினமும் மருத்துவமனை வேலைக்குப் போய் வந்தாள். மேற்குக் கடற்கரையின் இந்தப் பகுதியில்தான் இருவரும் பிறந்து வளர்ந்தார்கள்.

கைப்பேசி அடித்தது. மாரென்.

"இன்னிக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"ஹெஸ்டோ தீவுக்குப் போறோம்."

"கடல் நடுவுலயா?"

"கடல் எங்க இருக்கும்? தண்ணி விலகினதும் ரோடு வந்துடும். ஊரே போயிட்டு வருது."

"எனக்கென்ன தெரியாதா? கல்யாணமான புதுசுல என்னையும் கூட்டிட்டுப் போனே. போக வர நான் கண்ணைத் திறக்கவே இல்ல." அவள் குரல் கொஞ்சம் இளகியது. "டிராக்டர் வண்டியில போங்க யெப்பே. அதை ஓட்டறவங்களுக்குத் தண்ணி எப்ப ஏறும்னு தெரியும்."

"எனக்கும் தெரியும். நான் இங்க பொறந்தவன்."

"அதான் எனக்குப் பயமே. டிராக்டர்லதானே போவீங்க?"

"ம்," என்றான் யெப்பே.

"வீகோவுக்குக் காதுல ஆபரேஷன் பண்ணிக் குழாய் வெச்சு மூணு வாரம்தான் ஆகுது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக்கூடாது."

"தெரியும்."

"நாளைக்கு மூணரை மணிக்கு ரீபே ஸ்டேஷன்ல இருப்பேன். நாலு மணி ரயிலைப் பிடிக்கணும்."

"தெரியும் மாரென்."

பேசி முடித்ததும் அந்த 'ம்' அவனை உறுத்தியது. ஆம் என்று சொல்லவில்லையே, பொய் என்று ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். டிராக்டர் வண்டிக்கு நேரம் காலம் உண்டு. வீகோ மதியம் தூங்கி எழும்வரை அது காத்திருக்காது. காரில் போவதுதான் பிள்ளைகளுக்கு வசதி என்று தோன்றியது.

கைப்பேசியில் கடல் நேரத்தைப் பார்த்தான். தீவுச் சாலையில் 10:10 முதல் 15:40 வரை போகலாம் என்று இருந்தது. மனதுக்குள் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டான். 11:10 முதல் 16:40 வரை.

அந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது கைப்பழக்கம். துறைமுகத்தில் விற்கும் சிறிய புத்தகத்தில் கடல் நேரமெல்லாம் குளிர்காலக் கடிகாரப்படிதான் அச்சாகியிருக்கும். மார்ச் கடைசியில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும். புத்தகம் அப்படியே இருக்கும். கோடையில் ஒன்று கூட்டு என்று யெப்பேயின் அப்பா பௌல் சொன்னது அவனுக்கு வீகோ வயதில். அதன் பிறகு அதை யோசித்ததே இல்லை.

பதினொன்றேகாலுக்குக் கரை மேட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் ஈரச் சேறு வானத்தைப் போலப் பளபளத்தது. ஐந்து கிலோமீட்டர் சரளைக்கல் சாலை, ஓரத்தில் நட்ட குச்சிகள். சொட்டுத் தண்ணீர் இல்லை. தன் கணக்கு சரிதான் என்று யெப்பே நிம்மதியாக மூச்சு விட்டான்.

*

தீவில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மூவரும் சேற்றில் நடந்தார்கள். புழுக்கள் வளையிலிருந்து வெளித்தள்ளிய மண் சுருள்கள் எங்கும் கிடந்தன.

வீகோ குனிந்து பார்த்தான். "கடல் கக்கா போயிருக்கு!"

"அது கடலோடது இல்ல. புழுவோடது," என்றாள் தோரா.

"இவ்வளவா? புழு எவ்வளவு பெருசு?"

"சின்னதுதான். நிறையச் சாப்பிடும். உன்னை மாதிரி."

யெப்பே சிரித்தான். சிரித்த கையோடு, இந்தச் சிரிப்பை நாளை மறுநாள் தனியாக நினைத்துப் பார்ப்பேன் என்ற எண்ணமும் வந்தது. அதைத் துரத்திவிட்டு வீகோவின் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டான்.

தீவின் ஒரே கடையில் ஐஸ்கிரீம் வாங்கினார்கள். தோரா சிந்தாமல் தின்றாள். வீகோ முழங்கை வரை தின்றான். இரண்டரை மணிக்கு அவன் புல்லில் விரித்த துண்டின் மேல் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

இரண்டே முக்காலுக்கு டிராக்டர்கள் வரிசைகட்டின. பின்னால் மாட்டிய பெரிய பெட்டிகளில் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"அப்பா, எல்லாரும் போறாங்க."

"அவங்களுக்கு டைம்டேபிள் இருக்கு."

"நமக்கு?"

"நமக்குக் கார் இருக்கு."

தோரா டிராக்டர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரப் பெண் வாசலில் இருந்த பலகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தவள், மைதானத்தில் தனியாக நின்ற காரைப் பார்த்தாள்.

"கார்லயா வந்தீங்க?"

"ஆமாங்க. நானும் இந்தப் பக்கத்து ஆளுதான்," என்றான் யெப்பே, தான் வாழும் கோபன்ஹேகனில் பேசாத ஊர்ப் பேச்சில்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. "அப்பச் சரி," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீகோவை எழுப்பலாமா என்று மூன்றரைக்கு ஒருமுறை யோசித்தான். பாதித் தூக்கத்தில் எழுப்பினால் மாலை முழுக்கச் சிணுங்குவான். அவசரப்படாமல் இருப்பதுதான் பொறுப்பான அப்பாவுக்கு அழகு என்று அப்போது அவனுக்குத் தோன்றியது.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினார்கள். அவன் கணக்கில் இன்னும் முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்தது.

*

முதல் இரண்டு கிலோமீட்டர் சாலை காய்ந்திருந்தது. மேற்கிலிருந்து காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. சேற்றின் பளபளப்பு இப்போது நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் அது என்று புரிந்தபோதும் யெப்பே வேகத்தைக் குறைக்கவில்லை. ஓரத்துப் பள்ளங்களில் முதலில் ஏறுவது வழக்கம்தானே.

பாதி வழியில் சாலை தாழ்வாகப் போகும் இடத்தில் சரளைக்கல்லைக் காணோம். குச்சிகள் மட்டும் தண்ணீரில் நின்றன.

"அப்பா."

"தெரியுது. கொஞ்சம்தான். மெதுவாப் போலாம்."

மெதுவாகப் போனான். சக்கரத்தில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது, பிறகு அடித்தட்டில். என்ஜின் இருமி நின்றது. சாவியைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வந்த வழியும் தண்ணீராக இருந்தது.

வீகோ கைதட்டினான். "கார் நீந்துது!"

யெப்பே கைப்பேசியை எடுத்தான்.

"112 போடுப்பா," என்றாள் தோரா. "ஆபத்துன்னா 112. ஸ்கூல்ல பாட்டாவே சொல்லிக் குடுத்தாங்க."

ஒன்று, ஒன்று, இரண்டு என்று அழுத்தினான். பச்சைப் பொத்தானுக்கு மேல் விரல் நின்றுவிட்டது.

அழைத்தால் பதிவாகும். பெயர், நேரம், இடம், பிள்ளைகளின் வயது. ஹெலிகாப்டர் வரும். பன்னிரண்டாம் தேதி மேசையின் மேல் அந்தத் தாள் இருக்கும். அதற்குப் பிறகு யாரும் அவனை ஒன்றும் கேட்க வேண்டியதே இல்லை.

இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று அவனுக்குத் தெரியும். இன்னும் மூன்று மணி நேரத்தில் உச்சம். அப்போது கார்க் கூரை தெரியாது. தெரிந்தும் விரல் இறங்கவில்லை. மேட்டிலிருந்து யாராவது பார்த்திருப்பார்கள். டிராக்டர் ஒன்று வரும். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

"அப்பா, போட்டுட்டியா?"

"இரு தோரா."

"போட்டுட்டியா?"

"இருன்னு சொன்னேன்ல!"

அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து மிதியடியை நனைத்தது. வீகோவின் பூட்ஸ் ஒன்று மெல்லக் கிளம்பி மிதந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தான்.

எதிரே இரண்டு விளக்குகள் தெரிந்தன. மனித உயரச் சக்கரங்களோடு ஒரு டிராக்டர் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. யெப்பே கைப்பேசியைப் பையில் போட்டான்.

ஓட்டிவந்தவர் லௌஸ்ட். தீவு வண்டிகளில் ஒன்று அவருடையது. பௌல் குடும்பத்தைத் தெரிந்தவர். தொடையளவு தண்ணீரில் இறங்கி வந்து, காருக்குள் குனிந்து பார்த்தார்.

"பௌல் மகன் யெப்பேவா?"

"ஆமா."

"உங்கப்பா காரை ரோட்டுல ஓட்டுவாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோராவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

யெப்பே வீகோவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி டிராக்டரை நோக்கி நடந்தான். அலை இடுப்பில் அடித்தது. காதில் தண்ணீர் போகக்கூடாது, காதில் போகக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அன்று அவன் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

*

கரை மேட்டில், லௌஸ்டின் கொட்டகையில், பிள்ளைகள் இருவரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். இழுத்துவந்த காரிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகியது.

"எத்தனை மணிக்குக் கிளம்பினே?" என்று கேட்டார் லௌஸ்ட்.

"நாலுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப. நாலு நாப்பதுக்குத்தானே மூடுது?"

"மூணு நாப்பதுக்கு."

"அதான். அதோட ஒண்ணு கூட்டினா..."

லௌஸ்ட் அவனை நிமிர்ந்து பார்த்தார். "எதுல பார்த்தே? புத்தகத்துலயா?"

"ஃபோன்ல."

"ஃபோன் தானே கூட்டிக்குமேப்பா. தண்ணியைத் தள்ளிட்டு வர்ற இந்தக் காத்துக்கு மூணு நாப்பதே ஜாஸ்தி." தலையை ஆட்டிக்கொண்டார். "கோபன்ஹேகன்காரன் ஒருத்தனும் இதுல மாட்ட மாட்டான். அவனுக்குக் கூட்டவே தெரியாது. போட்டிருக்கறதைப் பார்ப்பான், வந்துடுவான். மாட்டறது எல்லாம் நம்ம ஆளுங்கதான். நீ மூணாவது."

யெப்பேயால் சிரிக்க முடியவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதீங்க லௌஸ்ட்."

"நான் எப்படா பேசியிருக்கேன்?" அவர் கம்பளிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அந்தப் பொண்ணு பேசும்."

அவர் காரைப் பட்டறைக்கு அனுப்ப வெளியே போனதும் யெப்பே தோராவின் முன்னால் மண்டியிட்டான். அவள் காலில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துவிட்டான்.

"நாளைக்கு அம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம், சரியா? அம்மா பயந்துடுவாங்க."

"பொய் சொல்லணுமா?"

"பொய் இல்ல. சும்மா சொல்லாம இருக்கறது."

"அம்மா கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"வீகோ சொல்லிடுவானே."

"வீகோ சொல்றது யாருக்குப் புரியப் போகுது? நீ பெரிய பொண்ணு."

தோரா தலையை ஆட்டினாள். அது சம்மதமா என்று அவன் கேட்கவில்லை.

மாலை சித்சே வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் அவனுக்கு நன்றாக வசவு கிடைத்தது.

"டேய், உனக்கு மூளை இருக்கா? மூணு வயசுப் பிள்ளையை வெச்சுக்கிட்டு!" திட்டி முடித்து, இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றி, குரலைத் தாழ்த்தினாள். "சரி, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நாளைக்கு என் காரை எடுத்துட்டுப் போ. பன்னிரண்டாம் தேதி வரைக்கும் வாயைத் திறக்காதே."

"தோரா..."

"அவ சமத்து. நீ சொன்னாக் கேப்பா."

"அதுதான் சித்சே."

"எதுதான்? பிள்ளைங்களை இழக்கணுமா உனக்கு? இதை நீயே போய்ச் சொன்னா மாரென் ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டா. அவளை எனக்குத் தெரியும்."

மேசையின் மறுகோடியில் தோரா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளரித் துண்டைத் தானே எடுத்து ரொட்டியின் மேல் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் கடித்து விழுங்கினாள்.

*

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ரீபே ஸ்டேஷனில் மாரென் ஏற்கெனவே நின்றிருந்தாள். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. வீகோ ஓடிப்போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"டிராக்டர்! அம்மா, பெரிய டிராக்டர்! சக்கரம் என்னை விடப் பெருசு!"

மாரென் நிமிர்ந்து யெப்பேயைப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது. "டிராக்டர்லயா போனீங்க? நிஜமாவா? நீ கேக்க மாட்டேன்னு நெனச்சேன். கார்லதான் போயிருப்பேன்னு நேத்து நாள் முழுக்கப் பயந்துட்டே இருந்தேன்."

யெப்பே பையை இறக்கி வைத்தான். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வீகோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவளும் தனக்கு வேண்டியபடி கேட்டுக்கொண்டாள்.

"இது சித்சேயோட கார்தானே? உன்னோடது எங்க?"

"பட்டறையில."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அவர்கள் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாரென் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டாள். சொல்லக் கஷ்டமானதைச் சொல்லப்போகிறாள் என்று அர்த்தம். எட்டு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியும்.

"யெப்பே, நான் அந்த மனுவைப் பத்தி யோசிச்சிட்டு இருக்கேன். ஏப்ரல்ல எனக்குக் கோவம். கோவத்துல எழுதினது. இந்த வாரம் தினமும் படம் அனுப்பினே, களிம்பு, தொப்பி, எல்லாம் பார்த்தேன். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாமோன்னு..." அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. "திங்கக்கிழமை அந்த ஆபீஸ்காரங்களைக் கூப்பிட்டுப் பேசலாம்னு இருக்கேன்."

இன்னும் இருபது நிமிடம். ரயில் வரும், ஏறுவார்கள், திங்கட்கிழமை வரும். மூன்றே நாள் பேசாமல் இருந்தால் போதும்.

மாரென் தோராவைப் பக்கத்தில் இழுத்து, அவள் முடியை ஒதுக்கிவிட்டாள். "என் தங்கம் ஏன் இவ்வளவு அமைதி? டிராக்டர்ல எங்க உக்காந்தே? மேல் தட்டுலயா?"

தோரா அம்மாவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். பள்ளியில் தெரியாத கேள்வி கேட்டால் பார்ப்பது போன்ற பார்வை.

"அப்பா, நான் என்ன சொல்லணும்?"

மாரெனின் கை அவள் தலைமேல் அப்படியே நின்றது.

தூரத்தில் யாரோ சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம். வீகோ பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் தோரா," என்றான் யெப்பே. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் சொல்றேன். மாரென், கார்லதான் போனோம். நேரத்தைத் தப்பாக் கூட்டிட்டேன். ரோட்டு நடுவுல தண்ணியில மாட்டிக்கிட்டோம். லௌஸ்ட் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தாரு. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு தோராவை நான்தான் கேட்டுக்கிட்டேன்."

மாரென் எழுந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து வீகோவை வெளியே இழுத்தாள். அவன் காதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். அவன் திமிறினான். பிறகு உட்கார்ந்தாள்.

"தண்ணி எதுவரைக்கும்?"

"காருக்குள்ள வந்துடுச்சு."

"112 கூப்பிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் கூப்பிடாம இருந்தே?"

"ஒரு நிமிஷம் இருக்கும். ரெண்டு..." அப்படித்தான் அவன் உண்மையாகவே நம்பினான். "ரெண்டு நிமிஷத்துக்கு மேல இல்ல."

"நூறு வரைக்கும் எண்ணினேன்," என்றாள் தோரா. யாருக்கும் சொல்லாமல், தன் கால் விரல்களைப் பார்த்துச் சொன்னாள். "மூணு தடவை. நாலாவது தடவை அறுபத்திரெண்டுல டிராக்டர் வந்துச்சு."

யெப்பே அவளைப் பார்த்தான். காரில் அவள் சும்மா இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான்.

நான்கு மணி ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. சைக்கிள்களோடு ஒரு குடும்பம் இறங்கியது. இரண்டு வயதானவர்கள் ஏறினார்கள். வீகோ, "ரயில்! நம்ம ரயில்!" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். மாரென் எழுந்திருக்கவில்லை. ரயில்காரர் ஒருமுறை அவர்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கதவுகள் மூடின. ரயில் போய்விட்டது.

"அடுத்தது அஞ்சு மணிக்கு," என்றாள் மாரென். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. தோராவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "தப்பாக் கூட்டினதை விடு. ஊர்ல யாரு வேணா தப்பாக் கூட்டலாம். அந்த மூணு நூறையும் எனக்குச் சொல்லு. முதல் நூறுல நீ என்ன நெனச்சே?"

யெப்பே வாயைத் திறந்தான். முதல் நூறு முழுவதும் அவன் நினைத்தது பிள்ளைகளை அல்ல, அவள் எழுதிய மனுவை. தோராவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.